அன்டாலின் ஏழு நிமிடம்

சென்ற வாரப் பத்தியை, என்னை மணவறையில் குனிந்த தலையோடு இருத்திவிட்டு நிறுத்தியிருந்தேன். "பிறகு என்ன நடந்தது, தாலி கட்டினாரா இல்லையா?" என்று பேர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். கட்டினார். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கூத்து நடந்தது.

ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை ரவியின் கையில் கொடுத்தார். கெட்டிமேளம் தொடங்கியது. எல்லோரும் பூவும் அரிசியுமாக எழுந்து நின்றார்கள். அப்போது மண்டபமே அதிர ஒரு குரல் கேட்டது.

"ஸ்டொப்!"

மேளம் நின்றுவிட்டது. அது ஏன் நின்றது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. கெட்டிமேளத்தை நிற்பாட்டுகிற மேளகாரரை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

சத்தம் போட்டவர் வீடியோக்காரர். நெடிய வெள்ளைக்காரர், அறுபதை நெருங்கிய வயது. சப்பாத்தைக் கழற்றச் சொன்னதால் கழற்றிவிட்டு, பெருவிரல் வெளியே தெரிகிற சாம்பல் நிறக் காலுறையோடு மணவறைக்கு முன்னால் நின்றார். "வெளிச்சம் செத்துப்போய்க் கிடக்கிறது. மாப்பிள்ளை இரண்டடி இடப்பக்கம் வரட்டும். முதலிலிருந்து செய்வோம்" என்றார் ஆங்கிலத்தில்.

ஐயர் என் மாமனாரைப் பார்த்தார். மாமா மணிக்கூட்டைப் பார்த்தார். "நேரம் போகுது! உந்த மனுசனை விட்டிட்டு நீர் கட்டும் தம்பி!" என்று கத்தினார்.

என் கணவர் என்ன செய்தார் தெரியுமா? தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தார். நானும் கூறைச் சீலையை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். அப்படித்தான் எனக்குக் கலியாணம் நடந்தது.

ஒரு மாதம் கழித்து வீடியோ வந்தது. இரண்டரை மணித்தியாலம் ஓடியது. தாலி கட்டுவது பதினொரு செக்கன். மிச்சமெல்லாம் முகங்கள். கொட்டாவி விடுகிற அன்ரிமார், கதிரையில் நித்திரையான அங்கிள், சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறவர்களின் கழுத்து. மாமி ஒரு தரம் பார்த்துவிட்டு எழும்பிப் போனார். பிறகு அந்த வீட்டில் ஒருவரும் அதைப் போடவில்லை.

யார் இந்த மனுசன்?

பல வருசம் கழித்து, சிட்னியில் லிட்கம் பக்கத்தில் ஒரு பொது நூலகத்தில் எனக்கு வேலை. ஒருநாள் காலை மேசைக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றார்.

"உங்கள் நூலகத்தில் என்னைப் பற்றி ஒரு புத்தகமும் இல்லை. ஏன்?"

முகத்தைப் பார்க்கவே தேவையில்லை. குரலே போதும். அதே 'ஸ்டொப்' குரல்.

"நீங்கள் யார் என்று தெரிந்தால் தேடலாம்" என்றேன், தெரியாதவள் மாதிரி.

"அன்டால். திரைப்பட இயக்குநர்."

ஹங்கேரியின் சமவெளியில் ஒரு சிறு ஊரில், முடி வெட்டுகிறவரின் மகனாகப் பிறந்தவர் அன்டால். பள்ளிக்கூடம் விட்டதும் தகப்பனின் கடை மூலையில் இருந்துகொண்டு, கண்ணாடிக்குள் தெரிகிற முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பாராம். மனிதன் கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறபோது ஒரு முகம், அடுத்தவன் பார்க்கிறான் என்று தெரிந்ததும் வேறு முகம். அந்த முதல் முகத்துக்காகத்தான் சினிமாவுக்குப் போனேன் என்பார். தலைநகரில் திரைப்படக் கல்லூரியில் படித்தார். முப்பத்தைந்து வயதுக்குள் நாலு படம் எடுத்தார்.

நாலாவது படத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'மூன்றாவது மதகு'. அணை கட்டுவதற்காக ஒரு கிராமத்தையே காலி செய்கிறார்கள். ஊரே வண்டி கட்டிக்கொண்டு போகிறது. மதகுக் காவலாளியின் மனைவி மட்டும் திரும்பி வந்து தன் வீட்டுக்குள் மேசைக்கு முன்னால் இருக்கிறாள். தண்ணீர் உள்ளே வருகிறது. அவள் எழும்பவில்லை. ஏழு நிமிடம், வெட்டே இல்லாமல் ஒரே காட்சி.

"அந்த ஏழு நிமிடத்தை அதிகாரிகள் வெட்டிவிட்டார்கள், ஷொந்தி" என்பார். என் பெயர் சாந்தி. கடைசிவரை அவர் வாயில் அது ஷொந்திதான். "என் கண் முன்னாலேயே கத்தரிக்கோலால் வெட்டினார்கள். கைப்பிடி பச்சை நிறம். அடுத்த மாதம் நான் நாட்டை விட்டு வெளியேறினேன்."

முதலில் வியன்னா, பிறகு சிட்னி. இங்கே அவரை இயக்குநர் என்று ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். பிறகு தொழிலாளருக்கான பாதுகாப்புப் படங்கள் எடுத்தார். பால் கறக்கும் இயந்திரத்தை எப்படிக் கழுவுவது, ஏணியில் எப்படி ஏறுவது என்கிற மாதிரி.

ரவி முதன்முதல் வேலைக்குப் போன களஞ்சியத்தில், பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பற்றி ஒரு படம் போட்டுக் காட்டினார்களாம். இருண்ட களஞ்சியத்தில் ஒரு கிழவர் நிற்க, தூரத்தில் அந்த வண்டி மெல்ல மெல்லக் கிட்ட வருகிறதாம். பார்த்து முடித்ததும் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதுவும் இவர் எடுத்ததுதான்.

அதற்குப் பிறகுதான் கலியாண வீடியோ. கிரேக்கர், லெபனான்காரர், வியட்நாமியர், கடைசியில் நாங்கள்.

அன்று மேசைக்கு மேலால் குனிந்து சொன்னேன். "நீங்கள் என் கலியாணத்தை நிறுத்தினீர்கள்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "இடப்பக்கம் போனபிறகு வெளிச்சம் நன்றாக இருந்ததா இல்லையா?"

மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன் பாருங்கள், என்னைச் சொல்லவேண்டும்.

வியாழக்கிழமைக் கடிதங்கள்

அதிலிருந்து வாரம் ஒருமுறை வருவார். சண்டை பிடிப்பார். போவார். பத்து வருசத்துக்கு மேல் இப்படியே போனது. பிறகு அவருக்குக் கண் மங்கத் தொடங்கியது. நேரே பார்த்தால் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு, ஓரங்கள் மட்டும்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹங்கேரியில் உள்ள ஒரு திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. 'மூன்றாவது மதகு' படத்தின் மூலச்சுருள் கிடைத்திருக்கிறது, சுத்தம் செய்து புதிதாக வெளியிடப் போகிறோம், உங்கள் கையெழுத்து வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். தாய்மொழியில் எழுதினால் பதில் போட மாட்டேன் என்று ஒருகாலத்தில் இவர்தான் அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தாராம்.

நான் வாசித்துக் காட்டினேன். முகம் மலரும் என்று நினைத்தேன்.

"ஏழு நிமிடம் எங்கே? அது இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன். எழுது, ஷொந்தி."

எழுதினேன். எனக்கு வேலை இல்லாத நாள் வியாழன். அந்த ஒரு நாளும் அவருடைய வீட்டுக் குசினி மேசையில் போனது. அவர் சொல்வார், நான் எழுதுவேன். 'தயவுசெய்து' என்று போட்டால் அடிக்கச் சொல்வார். "கள்ளரிடம் என்ன தயவு?" ஒரு பந்தியை ஆறு தரம் மாற்றுவார். ஆறாவது தரம் முதல் எழுதியதுக்கே திரும்பி வருவார்.

"உமக்கு வேற வேலை இல்லையே?" என்பார் ரவி. "எங்கட கலியாணத்தைக் குழப்பின மனுசனுக்கு உக்காந்து கடிதம் எழுதுறீர்."

"அந்த மனுசன்ர படத்தை வெட்டிப்போட்டாங்களப்பா. பாவம்."

உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். பேப்பரில் வருகிற செய்தியையே அதிகாரிகள் வெட்டுகிற ஊரிலிருந்து வந்தவள் நான். அதிகாரி வெட்டினான் என்று ஒருவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வேன்?

பத்துக் கடிதம் போனது. காப்பகத்தார் கிடங்கு கிடங்காகத் தேடினார்கள். கடைசியில் ஒரு பதில் வந்தது. மூலச்சுருளில் வெட்டிய அடையாளமே இல்லை. அந்தப் பெண்ணாக நடித்த இலோனா இன்னும் உயிரோடு இருக்கிறார். அவரிடம் கேட்டோம். அப்படி ஒரு காட்சி எடுக்கப்படவே இல்லை என்று சொல்கிறார்.

இலோனா வெறும் நடிகை இல்லை. அன்டாலின் மனைவி. அவர் நாட்டை விட்டு வந்தபோது கூட வராமல் அங்கேயே நின்றுவிட்டவர். பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

வாசித்து முடித்ததும் அன்டால் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு, "கிழவிக்கு மூளை போய்விட்டது என்று எழுது" என்றார்.

அப்படியா எழுதுவது? நான் மெருகு போட்டேன். 'திருமதி இலோனாவின் நினைவு, வயதின் காரணமாக, நம்பத்தக்கதாக இல்லை' என்று எழுதினேன். அந்த வசனம் அவருடையதில்லை. என்னுடையது. எழுதியபோது எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

அதற்கும் பிறகு இரண்டு மாதம் இழுத்தடித்தார். கடைசியில் கண் வைத்தியர் சொன்னதைக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்த வருசம் கையெழுத்துப் போடாமல் பிறகு போட்டால் உங்கள் படத்தை ஊரே பார்க்கும். நீங்கள் மட்டும் பார்க்க மாட்டீர்கள்" என்று கத்தினேன்.

பேனையை வாங்கினார். கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே, காற்றில் போடுவது போலக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பது மணித்தியாலம்

படத்தின் புதிய பிரதியை மெல்பேர்ணில் ஒரு திரைப்படச் சங்கம் திரையிடுவதாக ஏற்பாடு. விமானத்தில் ஏற மாட்டேன் என்றார் அன்டால். ரவி கார் ஓட்டினார். மெல்பேர்ணின் ஓரத்தில், கிரான்பர்னில் என் தங்கை சுதா வீட்டில் தங்குவதாகத் திட்டம்.

ஹியூம் ஹைவேயில் ஒன்பது மணித்தியாலம். வழியெல்லாம் அன்டால் குறை சொன்னார். சீட் பெல்ட் கழுத்தை வெட்டுகிறது. ரவி போடுகிற பாட்டில் வயலின் அதிகம். நான் கட்டிக்கொண்டு போன இடியப்பம் நூல் மாதிரி இருக்கிறது. ஆனால் எட்டுச் சாப்பிட்டார். வெளியே பார்த்துவிட்டு, "இந்த நாட்டில் வானம் தேவைக்கு மேல் இருக்கிறது" என்றார்.

வழியில் ஓல்பரியில் பெட்ரோல் அடிக்க நின்றபோது ரவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்தாளை இஞ்சையே இறக்கி விடட்டே?"

"மெல்பேர்ண் போய்ச் சேரட்டும். பிறகு நானே இறக்கி விடுறன்" என்றேன்.

படம்

சனிக்கிழமை பின்னேரம். சின்ன மண்டபம், முக்கால்வாசி நிறைந்திருந்தது. ஹங்கேரிக்காரர் கொஞ்சம், சினிமாப் பைத்தியங்கள் கொஞ்சம். அன்டால் முன் வரிசையில் இருந்தார். கண்ணின் ஓரத்தால் மட்டும் பார்க்க முடியும் என்பதால் முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கோழி பார்ப்பது மாதிரிப் பார்த்தார்.

படம் மோசமாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அப்படி இல்லை. ஊரை விட்டுப் போகிறவர்கள் தங்கள் வீட்டுக் கதவுகளைக் கழற்றி முதுகில் சுமந்துகொண்டு போகிறார்கள். ஒரு கிழவன், கதவில்லாத வாசலுக்கு முன்னால் வந்து, பழக்கத்தில் கையை நீட்டித் தட்டப் போய், நின்றுவிடுகிறான். பக்கத்தில் ரவி மூக்கை உறிஞ்சினார். இப்படி எடுக்கத் தெரிந்த மனுசனா ஏணியில் ஏறுவது எப்படி என்று படம் எடுத்தான் என்று எனக்கு யார் மேலென்று தெரியாத ஒரு கோபம் வந்தது.

கடைசியில் வண்டிகள் மேட்டில் ஏறின. மதகுக் காவலாளியின் மனைவியும் ஏறிவிட்டாள். புழுதி. படம் முடிந்தது.

கைதட்டி முடிந்ததும் கேள்வி நேரம். முதல் கேள்வி, கையில் குறிப்புப் புத்தகம் வைத்திருந்த ஒரு பெண்ணுடையது. "வெட்டப்பட்ட முடிவில் அதிகாரிகள் எதற்குப் பயந்தார்கள்?"

இந்தக் கேள்விக்கு அவருடைய பதில் எனக்கு மனப்பாடம். பச்சைக் கைப்பிடியோடு தொடங்கும். நான் கைப்பைக்குள் அவருடைய கண் மருந்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஒருவரும் வெட்டவில்லை" என்றார் அன்டால்.

நான் தலையை நிமிர்த்தினேன்.

"அன்றைக்கு எல்லாம் தயார். ஆற்றுக்குள் வீடு கட்டியிருந்தோம். இலோனா காலையிலேயே தண்ணீருக்குள் போய் மேசைக்கு முன்னால் இருந்தாள். இலையுதிர்காலம் முடிகிற நேரம், நல்ல குளிர். இதை எடுத்தால் அதிகாரிகள் என்னைச் சும்மா விட மாட்டார்கள் என்று எனக்குப் பயம். ஏதேதோ சாட்டுச் சொல்லி நேரத்தைக் கடத்தினேன். அவளைச் சும்மா எழும்பி நிற்கச் சொன்னேன். இருக்கச் சொன்னேன். திரும்பவும் நிற்கச் சொன்னேன். பிறகு அணைக்கட்டு வழியாக ஒரு கறுப்புக் கார் வந்தது. அவர்கள்தான் என்று நினைத்தேன். 'இந்தக் காட்சி தேவையில்லை, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்' என்று சொல்லிவிட்டேன்."

"காரில் வந்தவர் யார்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"மாட்டு வைத்தியர். வழி கேட்க வந்தார்."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"அடுத்த நாள் எடுத்திருக்கலாமே?"

"எடுத்திருக்கலாம்" என்றார் அன்டால். "அவர்கள் என்னிடம் வேண்டாம் என்று சொல்லவேயில்லை. சொல்வார்கள் என்று நினைத்து நானே விட்டுவிட்டேன்."

கிரான்பர்ன் குசினி

காரில் நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தேன். இரவுச் சாப்பாட்டில் அவருக்கு நான் பரிமாறவும் இல்லை. என் தங்கை சுதாவுக்கு ஒன்றும் தெரியாது. "அங்கிள், இன்னும் கொஞ்சம் சொதி விடட்டே?" என்று கேட்டுக் கேட்டு அவருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலையில் குசினிக்குள் நானும் அவரும் மட்டும். தேத்தண்ணிக் கோப்பையை அவருக்கு முன்னால் வைத்தேன். கொஞ்சம் பலமாகவே வைத்தேன்.

"பதினொரு கடிதம், அன்டால்!"

"ம்."

"எத்தனை பேர் கிடங்குக்குள் புகுந்து தேடினார்கள்? அந்த மனுசியைப் புத்தி பேதலித்தவள் என்று எழுத வைத்தீர்களே! உண்மை சொன்னவள் அவள் ஒருத்திதான்."

"எனக்கு அது பொய் என்று தெரியாமல் போய்விட்டது, ஷொந்தி." மெதுவாகச் சொன்னார். "வியன்னாவுக்கு வந்த முதல் கிழமை ஒருவர் கேட்டார், ஏன் வந்தாய் என்று. பயந்துபோய் வந்தேன் என்று சொல்ல வெட்கம். வெட்டிவிட்டார்கள் என்றேன். அவர் எழும்பி என் கையைப் பிடித்தார். சூப் வாங்கித் தந்தார். இரண்டாவது தரம் சொன்னபோது கத்தரிக்கோல் வந்தது. பிறகு கைப்பிடிக்கு நிறம் வந்தது. நேற்று அந்த வண்டி மேட்டில் ஏறுகிறவரை, அடுத்ததாக ஏழு நிமிடம் வரும் என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன்."

எனக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததால் இன்னும் எரிச்சல் வந்தது. இத்தனை மாதம் அந்த மனுசி அங்கே இருந்துகொண்டு, உண்மையைச் சொன்னதற்காகக் காப்பகத்தார் கண்ணில் புத்தி கெட்டவளாக நின்றிருக்கிறாள். அந்த வசனத்துக்கு மெருகு போட்டது என் கை.

அங்கேயே, சுதாவின் மேசையில் இருந்து, காப்பகத்தார் ஊடாக இலோனாவுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். என் பெயரில். 'உங்கள் நினைவு நம்பத்தக்கதில்லை என்று எழுதியவள் நான். நீங்கள் சொன்னதுதான் உண்மை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.'

"என்னுடையதையும் அதில் சேர்த்து எழுது" என்றார் அன்டால்.

"ஏலாது. இனி உங்களுக்காக நான் ஒரு எழுத்தும் எழுத மாட்டேன். உங்களுடையதை நீங்களே எழுதுங்கள்."

"கண் தெரியாதே."

"பெரிதாக எழுதுங்கள்."

சுதாவின் மகளுடைய வரைதாளையும் தடித்த கறுப்புப் பேனையையும் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனேன். அரை மணித்தியாலம் கழித்து வந்து பார்த்தேன். தாள் வெறுமையாகக் கிடந்தது. "பிறகு எழுதுகிறேன்" என்றார்.

எழுதவில்லை. சிட்னிக்கு வந்த பிறகும் எழுதவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. வியாழக்கிழமைகளில் போவதை நிறுத்தினேன்.

பதில்

ஆறேழு கிழமை கழித்து என் வீட்டு விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. இலோனாவிடமிருந்து. பள்ளிக்கூட ஆங்கிலம், நடுங்கிய கையெழுத்து. அதை எடுத்துக்கொண்டு அன்று பின்னேரமே அன்டாலிடம் போனேன். ஜன்னலோரம் கதிரையில் இருந்தார். இளைத்துப் போயிருந்தார். சுகம் விசாரிக்காமல் நேரே வாசித்தேன்.

'அன்புள்ள சாந்தி, உங்கள் கடிதம் கிடைத்தது. கோபம் இல்லை. அவர் பொய் சொன்னார் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. அவர் பயந்தவர், அவ்வளவுதான். நாங்கள் எல்லோருமே பயந்தவர்கள்தான். ஆனால் அன்று மதியம்வரை நான் தண்ணீருக்குள் நின்றேன். வெளியே வந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. அது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. அவர் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?'

தாளை மடித்தேன். அழுவார் என்று நினைத்தேன். அழட்டும் என்றும் நினைத்தேன்.

"பிழை" என்றார் அன்டால்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "என்ன பிழை? இன்னும் என்ன பிழை கண்டுபிடிக்கிறீர்கள்?"

"மதியம் இல்லை. மூன்று மணி." முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணின் ஓரத்தால் என்னைத் தேடினார். "கார் வந்தது மூன்று மணிக்கு. அவள் குறைத்துச் சொல்கிறாள். மூன்று மணிவரை நின்றாள். நான் கரையில் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றேன். அதைத் திருத்தி எழுதவேண்டும், ஷொந்தி. என் பெயரில்."

இனி எழுத மாட்டேன் என்று சொன்னவள் நான். மேசையில் பேனை கிடந்தது. திட்டிக்கொண்டே எடுத்தேன்.